காதில் ஏறிய பலா இலை

பேசி வைத்த சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. போனில் சொல்லக் கூடாது. குடும்பத்துக்கு மூத்தவன் ஒரு பங்காளியைக் கூட்டிக்கொண்டு நேரில் போக வேண்டும். வெளியாள் இல்லாத இடத்தில், குரல் உயராமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து அந்த வீட்டு வாசலைத் தாண்டும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மூத்தவன் குடித்துவிட்டால் அந்த வீட்டை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். வேண்டாமென்று சொல்லும் உரிமை அதோடு போயிற்று. என் அப்பா இரண்டு முறை அப்படிப் போய் வந்திருக்கிறார். எனக்கு அறுபத்து மூன்று வயதுவரை அந்த அவசியம் வரவில்லை. 2004 ஆவணியில் வந்தது.

என் கடைசி மகள் பூமாரி சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். மூன்று இடம் வந்தது, மூன்றையும் வேண்டாமென்றாள். நான்காவதாக வந்தவன் கம்பத்துப் பாண்டியராஜன். தேனியில் டிராக்டர் விற்கும் கடையில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவளே என்னிடம் வந்து, "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் நடை வேறு மாதிரி இருந்ததை நான் கவனித்தேன்.

நான் அவசரப்படவில்லை. மாப்பிள்ளையின் தாய்வழியை மயிலாடும்பாறைவரை போய் விசாரித்தேன். நிலம் பார்த்தேன். ஜாதகம் குச்சனூரில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் வெற்றிலை மாற்றுவதாகப் பேச்சு.

அதற்குப் பத்து நாள் முன்னால் என் சித்தப்பா மகன் முத்துவீரன் வந்தான். கம்பத்துக்குப் போயிருந்தானாம். மாப்பிள்ளையின் அப்பா சுந்தர்ராஜ், பழுதான மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவர், கடை வாசலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தாராம். அதுவும் காதில் பலா இலையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"நடுத்தெருவுலண்ணே. பொம்பளையும் சேந்து ஆடுது. ரெண்டு வெள்ளாடு அங்கனயே சுத்திச் சுத்தி வருது, காதுல கெடக்குற கொழையப் பாத்து" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பந்தல்வீடு என்று பெயர். ஊரில் முதல் திராட்சைப் பந்தல் போட்டது என் அப்பா. பந்தல்வீட்டில் நான்கு தலைமுறையாகச் சீட்டைத் தொட்டவர் கிடையாது என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானே பல சபைகளில் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போகும் பெண்ணுக்கு, காதில் குழை கட்டிக்கொண்டு தெருவில் உட்காரும் மாமனாரா?

காசு வைத்து ஆடுகிறார்களா என்று கேட்டேன். காசே இல்லையாம். தோற்றவன் இலை மாட்டிக்கொள்வதுதான் ஆட்டமாம். எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. காசுக்கு ஆடுகிறவனிடம் ஆசை என்ற ஒரு காரணமாவது இருக்கிறது.

என் மனைவி சங்கிலியம்மாள், இதை விட்டால் ஐந்தாவதாக ஒரு மாப்பிள்ளைக்குத் தன்னால் பலகாரம் சுட முடியாது என்று மட்டும் சொன்னாள். பூமாரி விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வேண்டாம்னா வேண்டாம்ப்பா. ஆனா ஒங்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க. சித்தப்பா கண்ணால பாத்துச் சொல்லாதீக."

வந்த ஞாயிற்றுக்கிழமை, பூமாரி வேறொரு விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளுத்த வேட்டி சட்டையோடு கிளம்பினேன். சாட்சிக்கு முத்துவீரன். உத்தமபாளையத்தில் பஸ் மாறி நாங்கள் கம்பத்தில் இறங்கும்போது மணி மூன்று. தண்ணீர் விஷயத்தை அவனுக்கு இரண்டு தடவை சொல்லி வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு சோடா குடித்தோம். இனி ஊர் திரும்பும்வரை அதுதான் என்றேன்.

சுந்தர்ராஜின் கடை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒரு பலா மரம். கடை வாசலில் தகரக் கூரைக்குக் கீழே, கேபிள் சுற்றி வரும் பெரிய மர உருளையைக் கவிழ்த்து மேஜையாகப் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி நான்கு ஸ்டூல். மூன்றில் ஆள் இருந்தது, ஒன்று காலி.

முத்துவீரன் பொய் சொல்லவில்லை. சுந்தர்ராஜின் வலது காதில் ஒரு பலா இலை தொங்கியது. காம்பைக் கீறி, கீறலில் காது மடலைக் கவ்வ வைத்திருந்தார். அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் இலை கன்னத்தில் தட்டியது.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். செய்ய வேண்டிய மரியாதை எல்லாம் செய்தார். இலையை மட்டும் கழற்றவில்லை.

"வாங்க சம்பந்தி. வாங்க, உக்காருங்க. இந்தக் கோலத்துல நிக்கிறேன், மன்னிச்சுக்கிறணும். ஒரு ஆட்டம் ஜெயிக்காம இத எறக்கக் கூடாதுன்னு இங்கன ஒரு சட்டம்."

வெற்றிலை மாற்றுவதற்கு முன் சம்பந்தி என்றது ஒன்று. பெண்ணைப் பெற்றவன் எதிரில் நிற்கும்போது ஒரு விளையாட்டுச் சட்டத்தைக் காட்டியது இன்னொன்று. இரண்டும் எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி ஒரு செம்பில் தண்ணீரும் இரண்டு டம்ளர் காப்பியும் கொண்டுவந்து வைத்து வரவேற்றார். நான் இப்போதுதான் சோடா குடித்ததாகச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து அவர் திரும்பவும் செம்பை நகர்த்தி வைத்தார். தாகமில்லை என்றேன்.

சுந்தர்ராஜ் செம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வழக்கம் எங்கள் உறவு முழுவதற்கும் தெரிந்ததுதான். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. அப்போதாவது இலையைக் கழற்றி எறிவார் என்று எதிர்பார்த்தேன். கை காதுப் பக்கம் போகவே இல்லை.

"சம்பந்தி என்னமோ பேச வந்திருக்காக" என்று மற்ற இருவரிடம் சொன்னார்.

அந்த இருவரில் ஒருவர் சேக் பரீத், ஏலக்காய் வியாபாரி. வெள்ளைத் தொப்பி, நறுக்கிய தாடி. மற்றவர் ஜெபமணி டீச்சர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். முகத்தில் பெரிய கண்ணாடி, கையில் விசிறி மாதிரி விரித்த சீட்டு. காலி ஸ்டூல் ஞானசிகாமணி என்பவருடையது. கண்ணில் புரை எடுக்கத் தேதி கிடைத்துவிட்டதென்று மகன் வந்து, சற்று முன்தான் ஆட்டத்தின் நடுவிலேயே அழைத்துப் போனானாம். அவரும் தோற்ற கட்சி. தன் இலையைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார். ஜெயிக்காமல் எழுந்து போகிறவர் இலையை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்து வரும்போது மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதுவும் சட்டம்.

சேக் பரீத் எழப் போனார். டீச்சர் கையை நீட்டி அவரை உட்கார வைத்தார்.

"அசர் பாங்கு சொன்னா பாய் பள்ளிவாசலுக்குப் போயிருவாரு, நானும் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் ரெண்டு பேரும் விடிய விடியப் பேசுங்க. அதுவரைக்கும் ஒரு கை கொறையுது. அய்யாவுக்கு இருபத்தெட்டு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். ஆனால் பொய் என்று தெரிந்தே ஒரு பொய்யை, முகத்துக்கு நேராக, ஒரு டீச்சரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. சபைகளில் சொன்னது வேறு. அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. மேலும், மூன்றாம் மனிதர் எழுந்து போகும்வரை வந்த காரியத்தைச் சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் எனக்குப் பழக்கமில்லை.

"கொஞ்சம் தெரியும்" என்றேன். முத்துவீரன் என் முகத்தைப் பார்த்தபடியே, தன்னை அறியாமல் காப்பியை எடுத்துக் குடித்தான்.

சுந்தர்ராஜுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்த ஆட்டத்தில் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஏழுக்குக் கீழே உள்ள சீட்டெல்லாம் கிடையாது. பெரிய சீட்டு ஜாக்கி, அதற்கு மூன்று; அடுத்தது ஒன்பது, அதற்கு இரண்டு; ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. எல்லாம் கூட்டினால் இருபத்தெட்டு. ராஜா ராணிக்கு ஒரு மதிப்பும் இல்லை. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதை வைத்து, இத்தனை எடுப்பேன் என்று ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவன் துருப்பு வைப்பான்; அந்த இனம் மற்ற எந்தச் சீட்டையும் வெட்டும். பிறகு இன்னும் நான்கு சீட்டு. ஆளுக்கு ஒன்றாகப் போடும் நான்கும் சேர்ந்தால் ஒரு பிடி, மொத்தம் எட்டுப் பிடி. சொன்னதை எடுத்தால் வெற்றி; குறைந்தால் தோல்வி. கட்சிக்கு ஆறு தீக்குச்சி. ஒவ்வொரு முறையும் தோற்ற கட்சியிலிருந்து ஒரு குச்சி எதிர்க் கட்சிக்குப் போகும். இருபதும் அதற்கு மேலும் கேட்ட கையென்றால் இரண்டு குச்சி. ஒரு கட்சிக்குக் குச்சி தீர்ந்தால்தான் ஆட்டம் முடியும்; தோற்ற இருவர் காதிலும் இலை. தன் கட்சிக்காரனிடம் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கண்ணைக் காட்டக் கூடாது.

நான்கு சீட்டை எடுத்து விரித்ததும் என் விரல்கள் தாமாகவே ஜாக்கியை முன்னாலும், ஒன்பதை அடுத்தும், ராஜாவைக் கடைசிக்கும் தள்ளின. டீச்சர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் தெரிஞ்ச கை இல்லையே இது" என்றார்.

இருபத்தொரு வயதில் கம்பமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டு ஒன்றரை வருஷம் இருந்தேன். மழை பிடித்தால் பத்து நாள் வெளியே தலை காட்ட முடியாது. கூட இருந்த மலையாளிகள் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். பலா இலைக்குக் குணுக்கு என்று பெயர் சொன்னதும் அவர்கள்தான். எங்கள் ஊரில் காது வளர்க்கப் பெண்கள் போடும் ஈயத்துக்கு அந்தப் பெயர் என்று சொல்லி நான் சிரித்தது நினைவிருக்கிறது. ஒரு நாள் நான் தோற்று, இரண்டு காதிலும் இலையோடு கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது, மழையில் நனைந்தபடி என் அப்பா வந்து நின்றார். சொல்லாமல் வந்தவர். மூன்று மைல் ஏறி வந்தவருக்கு நான் தண்ணீர் மோந்து நீட்டினேன். என் காதையே பார்த்தார். வாங்காமல் திரும்பி இறங்கிப் போய்விட்டார். மறுநாள் நான் தோட்டத்தை விட்டு இறங்கினேன். அப்பா அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்திரண்டு வருஷம்.

ஆட்டம் நடந்தது. முதல் கை டீச்சர் பதினாறு கேட்டு எடுத்தார். அடுத்தது சுந்தர்ராஜ் பதினேழு கேட்டார், எடுத்தோம். குச்சிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. சேக் பரீத் ஒவ்வொரு சீட்டையும் இறக்குமுன் தாடியைத் தடவினார். அவருடைய செல்போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவே இல்லை. ஏல மார்க்கெட்டே இடிந்தாலும் பாய் ஜாக்கியைக் கீழே வைக்க மாட்டார் என்றார் டீச்சர். மார்க்கெட் இடிந்தால் திரும்பக் கட்டலாம், ஜாக்கி போனால் வருமா என்றார் அவர். சுந்தர்ராஜின் மனைவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, இந்த இலை எல்லாவற்றையும் சேர்த்திருந்தால் ஒரு ஆட்டுப் பட்டியே வளர்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இலை என்றபோது குரலில் வெட்கம் இல்லை. உப்பு, புளி என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

நான் என்னை அறியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் நிலம், வழக்கு, கல்யாணம் என்று ஏதாவது ஒரு காரியம் இருக்கும். காரியம் முடிந்தால் எழுந்துவிடுவோம். இங்கே ஒரு ஏலக்காய் வியாபாரியும், ஒரு டீச்சரும், மோட்டார் கட்டுகிறவரும் பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் கூடுகிறார்களாம். ஒருவரால் ஒருவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நான்காவது கை இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை என்பது மட்டும்தான். சேக் பரீத்துக்கு மாரடைப்பு வந்த மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை மேஜையாக வைத்து ஆடியதாக டீச்சர் சொன்னார். நர்ஸ் வந்து சீட்டைப் பிடுங்கியதாகவும், அப்போது தான் கெலிக்கிற நிலையில் இருந்ததாகவும் சொன்னார். அதை இன்னும் அவர் மன்னிக்கவில்லை.

கடைசியில் எங்கள் பக்கம் இரண்டு குச்சி மிஞ்சியது. நான்கு சீட்டு வந்தது. என் கையில் ஸ்பேடு ஜாக்கி, ஸ்பேடு ஒன்பது, மற்ற இரண்டும் குப்பை. பதினாறு என்றேன். டீச்சர் பதினேழு என்றார். பதினெட்டு என்றேன். அவர் பத்தொன்பது என்று சொல்லிவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"ஓடைப்பட்டிக்காரக பாஸ் சொல்ல மாட்டாக போல."

உண்மை. நான் பாஸ் சொல்கிறவன் இல்லை. ஏலத்தில் ஆனாலும் ஊர்க் கூட்டத்தில் ஆனாலும் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்துதான் பழக்கம். இருபது என்றேன். அவர் இருபத்தொன்று. நான் இருபத்திரண்டு. டீச்சர் சிரித்துக்கொண்டே பாஸ் சொன்னார். எதிரே சுந்தர்ராஜ் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது அதிகம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

துருப்பு ஸ்பேடு என்று வைத்தேன். பிறகு வந்த நான்கில் ஒரே ஒரு ஸ்பேடு, ஏழு. ஆனாலும் ஐந்து பிடிவரை நன்றாகவே போயிற்று. ஆறாவது பிடியில் சேக் பரீத் டைமன் ஒன்பதை இறக்கினார். அடுத்தது என் முறை. என்னிடம் டைமன் இல்லை. மிச்சம் இருந்தது துருப்பில் அந்த ஏழு, ஆர்ட்டினில் இரண்டு சீட்டு. டைமன் ஜாக்கி இன்னும் வரவில்லை. அது டீச்சரிடமும் இருக்கலாம், எனக்குப் பின்னால் ஆடப் போகும் சுந்தர்ராஜிடமும் இருக்கலாம். என் கட்சிக்காரரிடம் இருக்கும் என்று நம்பி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. துருப்பைப் போட்டு வெட்டினேன். டீச்சர் எட்டைப் போட்டார். சுந்தர்ராஜ் ஒரு கணம் நின்று, டைமன் ஜாக்கியை மெதுவாக அதன்மேல் வைத்தார்.

நான் வெட்டியிருக்கவே வேண்டாம். அந்தப் பிடி அவருடைய ஜாக்கிக்கே வந்திருக்கும். கடைசிப் பிடியில் டீச்சர் கிளாவர் ஜாக்கியை இறக்கினார். சேக் பரீத் பத்தைச் சேர்த்தார். அதை வெட்ட என்னிடம் துருப்பு இல்லை. ஒன்றுக்கும் உதவாத ஆர்ட்டின் ராணியைப் போட்டேன். எண்ணினார்கள். பத்தொன்பது. மூன்று குறைவு. இரண்டு தீக்குச்சியும் அந்தப் பக்கம் போயின.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு தவறை யாராவது செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். மூத்த மருமகன் ஒரு முறை மருந்தைத் தப்பாகக் கலந்து அரை ஏக்கர் பந்தலைக் கருக்கினான். ஐந்து வருஷம் கழித்தும் அவன் பந்தலுக்குள் வரும்போதெல்லாம் அந்த ஞாபகம் என் பேச்சில் வந்துவிடும். ஆகவே எதிரே இருப்பவர் சொல்லப் போவதைக் கேட்க முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

சுந்தர்ராஜ் சீட்டுகளைச் சேர்த்துத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"வெட்டுனது சரிதான் சம்பந்தி. எங்கிட்ட ஜாக்கி இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குத்தான எதுத்தாப்புல உக்காந்திருக்கோம். பழகப் பழகத் தெரிஞ்சுரும்."

அவர் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தார். நான் அந்த மனிதருடைய நிலத்தைப் பார்த்திருந்தேன். பூர்வீகத்தை விசாரித்திருந்தேன். ஒரு வீட்டுக்கு வாழப் போகிறவள் முதல் தடவை தவறு செய்யும்போது அந்த வீடு என்ன சொல்லும் என்பதை விசாரிக்க எனக்குத் தோன்றியதில்லை. யாரிடம் போய் விசாரிப்பது?

சேக் பரீத் பலா மரத்திலிருந்து இரண்டு இலை பறித்துக்கொண்டு வந்தார். ஒன்றைச் சுந்தர்ராஜிடம் கொடுத்தார். மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வந்த விருந்தாளிக்குச் சட்டம் கிடையாது என்றார். டீச்சரும் ஆமாம், பாதி ஆட்டத்தில் உட்கார்ந்தவருக்குத் தண்டனை கூடாது என்றார். சுந்தர்ராஜ் தன் இலையை இடது காதில் மாட்டினார். பிறகு சேக் பரீத்திடம் கையை நீட்டினார்.

"அதையும் இங்கன குடுங்க பாய். சம்பந்திக்குள்ளத நான் போட்டுக்கிறேன்."

முத்துவீரன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்று தோள் காட்டிக்கொடுத்தது. வலது காதில் ஏற்கெனவே ஒரு இலை. இடது காதில் ஒன்று. மூன்றாவதை எங்கே மாட்டுவது என்று சுந்தர்ராஜ் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வந்து நின்றபோதே அவருக்கு என் காரியம் தெரியும். மகனுடைய கல்யாணம் இந்த இலையால் நிற்கப் போகிறது என்று தெரியும். கழற்றி எறிய ஒரு நொடி போதும். ஏன் என்று கேட்கவும் அங்கே யாருமில்லை. இரண்டு நண்பர்களும் அவர் கழற்றினால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்ட சட்டத்தை ஆள் பார்த்து மாற்றவில்லை. பந்தல்வீட்டில் சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் பேசுகிறது. அதை இந்த மனிதர் தன் காதில் தொங்கவிட்டுக்கொண்டு என் எதிரில் நின்றிருக்கிறார். நான் அதை அவமரியாதை என்று நினைத்தேன். என் அப்பாவும் அன்று அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"என் தோல்விய இன்னொருத்தர் சொமக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல" என்று சொல்லி, சேக் பரீத்தின் கையிலிருந்து இலையை வாங்கினேன்.

காம்பை நகத்தால் கீறினேன். எவ்வளவு நீளம் கீறினால் காதைக் கவ்வும், எவ்வளவு கீறினால் விழுந்துவிடும் என்பது என் கட்டைவிரலுக்கு மறக்கவில்லை. வலது காதில் மாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

அப்போது பாங்கு சொன்னது. சேக் பரீத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுக்கட்டை ரப்பர் பேண்டில் மாட்டி உருளை நடுவில் வைத்தார். புரை எடுத்தால் ஞானசிகாமணிக்கு ஒரு மாதம் சீட்டு தெரியாது என்று எந்தப் பக்கமும் பார்க்காமல் சொன்னார். இருவரும் தெருவில் இறங்கி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள்.

வெளியாள் யாரும் இல்லை. சுந்தர்ராஜ் இரண்டு காதிலும் இலையோடு, கையைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே நின்றார். அவருடைய மனைவி நிலைப்படியில் வந்து நின்றார். அவர் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளேயிருந்தபடியே தெரிந்துகொண்டு, அந்த ஆட்டுப் பட்டிக் கிண்டலையும் சொல்லியிருக்கிறார்.

"சொல்லுங்க சம்பந்தி. எதா இருந்தாலும் சொல்லுங்க" என்றார் சுந்தர்ராஜ்.

முத்துவீரன் சாட்சிக்கு உரிய முகத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றான். செம்பு அதே இடத்தில் இருந்தது. அதன் வாயில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

"இந்தத் தண்ணி வெயில்ல சூடாயிருக்கும். வேற செம்பு குடுத்தா நல்லாருக்கும்" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அவர் ஓடிய வேகத்தில் நிலையில் இடித்துக்கொண்டார். சுந்தர்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பானைத் தண்ணீர் வந்தது. அண்ணாந்து குடித்தேன். குடிக்கும்போது இலை கழுத்தில் ஒட்டியது.

திரும்பும்போது உத்தமபாளையத்தில் பஸ் மாறி ஏறிய பிறகு முத்துவீரன் கேட்டான், ஊரில் என்னண்ணே சொல்வது என்று. எதைப் பார்த்தாயோ அதைச் சொல் என்றேன். எல்லாவற்றையுமா என்றான். எல்லாவற்றையும்தான் என்றேன். தான் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று வருத்தப்பட்டான்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள். சங்கிலியம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் நின்றது. பூமாரி அதே இடத்தில் அதே விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். மதியம் திருத்திய தாளுக்கு மேல் ஒரு தாள்கூடக் கூடியிருக்கவில்லை. நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுமுன், பையில் இருந்த பலா இலையை எடுத்து நாட்காட்டியின் ஆணியில் செருகினேன். அடுத்த ஞாயிறுவரை வாடாமல் இருக்குமா என்று தெரியவில்லை. வாடினாலும் சட்டப்படி அதே இலைதான்.

பூமாரி இலையைப் பார்த்தாள். என் வலது காதைப் பார்த்தாள். அங்கே காம்பின் பால் பட்டுக் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"அங்கன தண்ணி குடிச்சீகளாப்பா?" என்றாள்.

"குடிச்சேன்த்தா" என்றேன். "ஒரு செம்பு முழுசா."